நெகட்டிவ் பத்திரம்!

உங்கள் வீட்டு பீரோவில் கறுப்பு உடம்பும் சாம்பல் நிற மூடியுமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதா, பாருங்கள். திருநீறு போட்டு வைத்திருப்பீர்கள். இல்லாவிட்டால் ஊக்கு, சட்டைப் பட்டன், செல்லாத நாலணா. பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பும்போது தலைவலி மாத்திரையும் அதில்தான் போகும். மூடி அவ்வளவு இறுக்கம்.

எங்கள் கன்னிவாடிப் பக்கம் பல வீடுகளில் இந்த டப்பா இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இது எதற்காகச் செய்த டப்பா என்று கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைக் கேட்டால் முழிக்கிறார்கள். கேமராவுக்குப் போடும் பிலிம் ரோல் இதில்தான் வரும் என்று சொன்னால், “கேமராவுக்குள்ள எதைப் போடுவாங்க?” என்று அடுத்த கேள்வி வருகிறது.

பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு வந்ததைப் பற்றிப் பேச்செடுத்தால் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. பெரியப்பா கட்சி, “அந்தக் காலத்து போட்டோ மாதிரி வருமா?” என்னும். மருமகள் கட்சி, “ஒரு படம் பார்க்க பத்து நாள் காத்திருக்கணுமா, நல்ல வேளை ஒழிஞ்சது” என்னும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இந்த வாரம் நான் அந்தப் பஞ்சாயத்துக்குள் போகப் போவதில்லை. ஒரு கணக்கு மட்டும் போடச் சொல்கிறேன்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்தின் முக்கியமான நாட்களை வருடத்தோடு எழுதுங்கள். அப்பா அம்மா கல்யாணம், உங்கள் காதுகுத்து, அக்காவின் சடங்கு, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், புதுவீட்டுப் பால் காய்ச்சல், மூத்த குழந்தையின் மொட்டை, இளையவள் பள்ளிக்கூடம் போன முதல் நாள். இப்போதே கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு படம் எதற்கெல்லாம் இருக்கிறதோ, அதற்கு நேராக ஒரு டிக் போடுங்கள்.

நான் கேட்டுப் பார்த்த வீடுகளில் விடை ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. 2000 வரைக்கும் டிக் வருகிறது. கடைசி ஏழெட்டு வருடங்களுக்குப் போனில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. நடுவில், சுமாராக 2004-லிருந்து 2013 வரை, ஒரே ஓட்டை. “இருக்குங்க, ஏதோ ஒரு சிடியில இருக்கு.” “பழைய கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, அதை எடைக்குப் போட்டாச்சு.” “அந்த போன் கிணத்துல விழுந்துருச்சுக்கா.” அதாவது, நாம் பிலிமை விட்டுவிட்டு டிஜிட்டலைப் பிடித்த அந்தப் பத்து வருடத்துப் படங்கள்தான் நம்மிடம் இல்லை. அந்த வருடங்களில் பிறந்த பிள்ளைகள் இப்போது பத்தாம் வகுப்பும் கல்லூரியுமாக இருக்கிறார்கள். தாத்தாவின் குழந்தை முகத்தைப் பார்க்க முடிகிற அவர்களால், தங்கள் குழந்தை முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எப்படி நடந்தது இது?

ரோல் முடியட்டும்!

முதலில் பழைய கதை. பெரியவர்களுக்கு நினைவுபடுத்தவும், சிறியவர்களுக்குத் தெரியப்படுத்தவும்.

ஒரு ரோலில் 36 படம். கைப்பழக்கம் உள்ளவர் நுனியில் கொஞ்சம் மிச்சம் பிடித்து 37, 38 எடுப்பார். கிராமத்துக் கல்யாணம் என்றால் நாலைந்து ரோல். வசதியான வீடு என்றால் பத்து ரோல். பத்து ரோல் போட்டாலும் 360 படம்தான். அதற்குள் பெண் அழைப்பு, முகூர்த்தம், மாமன் மாலை, மொய் எழுதும் இடம், பந்தி எல்லாம் அடங்க வேண்டும். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் காசு என்பதால் போட்டோகிராபர் சும்மா அமுக்க மாட்டார். “சித்தப்பா, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க. பாப்பா, இங்க பாரு... ரெடி!” என்று சொல்லிவிட்டுத்தான் பிளாஷ் அடிக்கும். கூட்டத்தில் யாராவது கண்ணைச் சிமிட்டினால் அதோடு சரி. அடுத்த வாரம் பிரிண்ட் வரும்போதுதான் தெரியும்.

சின்ன ஊர் ஸ்டுடியோவில் கறுப்பு வெள்ளையை மட்டும் அங்கேயே கழுவுவார்கள். பின்னால் ஒரு டார்க் ரூம், ஒரு சிவப்பு பல்பு, மூன்று தட்டு. கலர் ரோலை திண்டுக்கல் கலர் லேபுக்குக் கொடுத்துவிட வேண்டும். கலர் பிலிம் கழுவுவது ரசம் வைப்பது மாதிரி ‘பார்த்துச் செய்கிற’ வேலை அல்ல. மருந்தின் சூடு 37.8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். முதல் மருந்தில் 3 நிமிடம் 15 விநாடி. சூடு மாறினால் மணப்பெண்ணின் நிறம் மாறிவிடும்.

பஸ்சில் ரோல் போய், பஸ்சில் பிரிண்ட் திரும்பி வரும். அதுவும் ரோல் முழுதும் முடிந்தால்தான். மலைமேல் ஆடலூர், பன்றிமலைப் பக்கமிருந்து இறங்கி வந்து படம் எடுத்துக்கொண்டவர் மறுவாரம் சந்தைப் பையோடு வந்து கேட்பார். “ரோல் முடியலண்ணே, இன்னும் ஆறு படம் பாக்கி இருக்கு” என்று பதில் வரும். அவரும் கோபப்படாமல் போய்விட்டு அடுத்த வாரம் வருவார்.

காத்திருப்பை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அவசரத்துக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் கிடைக்காமல் விண்ணப்பத்தின் கடைசித் தேதியைத் தவறவிட்டவர்கள் உண்டு. கேமராவின் உருளையில் ரோல் சரியாக மாட்டாமல், ஒரு கல்யாணமே பதிவாகாமல் போன கொடுமையும் பல ஊர்களில் நடந்திருக்கிறது. பிலிம் சாமி இல்லை. ஆனால், அந்த முறையில் ஒரு நல்ல காரியம் நாம் கேட்காமலேயே நடந்துகொண்டிருந்தது. படம் எடுத்து முடிந்ததும் நம் கைக்குக் காகிதத்தில் ஒரு பிரிண்ட் வந்தது. கூடவே, நான்கு நான்காகவோ ஆறு ஆறாகவோ வெட்டிய நெகட்டிவ் பட்டை, ஒரு கவரில் வந்தது. வீட்டுக்கு ஒரு நகல், ஆபத்துக்கு ஒரு மூலம். யாரும் திட்டமிடவில்லை, வேலையின் போக்கே அப்படி.

மலைமேல் ஒரு பிலிம் ஊர்

பிலிம் என்றால் மஞ்சள் டப்பாவும் பச்சை டப்பாவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நம் தமிழ்நாட்டிலேயே பிலிம் செய்தார்கள் என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது. ஊட்டிக்குப் போனவர்கள் ‘இந்து நகர்’ என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். மதத்தின் பெயரோ பத்திரிகையின் பெயரோ அல்ல. ‘இந்து’ என்றால் நிலா. மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் தயாரித்த பிலிமுக்கு அந்தப் பெயர். தொழிற்சாலை இருந்த இடத்துக்கும் அதே பெயர் நிலைத்தது.

நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டது. பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1967-ல் உற்பத்தி ஆரம்பமானது. ஊட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிலிமுக்குத் தூசி ஆகாது, சூடு ஆகாது. மெல்லிய பட்டையின் மேல், ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பைப் பூச வேண்டும். வெளிச்சம் பட்டால் கறுக்கும் பொருள் என்பதால், பூசும் வேலை முழுக்க இருட்டில் நடக்கும். இருட்டில் நடக்கவும் எடுக்கவும் வைக்கவும் பழகிய தொழிலாளர்கள் நீலகிரியில் ஒரு தலைமுறையே இருந்தார்கள். நம் ஸ்டுடியோக்களின் கறுப்பு வெள்ளைக்கும், அரசு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரேவுக்கும் அங்கிருந்து பிலிம் போனது.

அந்த ஆலையை டிஜிட்டல் கேமரா கொன்றது என்று சொன்னால் பாதிதான் உண்மை. டிஜிட்டல் நம் ஊர்க் கல்யாணத்துக்கு வருவதற்கு முன்பே, 1990-களின் நடுவிலேயே, அது நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. ஊரெல்லாம் கலருக்கு மாறியது, வெளிநாட்டு பிலிம் தாராளமாக உள்ளே வந்தது, கடன் கழுத்தை நெரித்தது. மிச்சமிருந்த மூச்சை டிஜிட்டல் நிறுத்தியது. தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் வீட்டுக்குப் போனார்கள், ஆலை மூடப்பட்டது.

அமெரிக்காவின் கோடாக் கதை இன்னும் விசித்திரம். கையில் தூக்கக்கூடிய முதல் டிஜிட்டல் கேமராவை 1975-ல் செய்தவர் ஸ்டீவன் சாசன்; அவர் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர். கேமராவின் எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு படம் கேசட் டேப்பில் பதிய 23 விநாடி ஆனது. படத்தில் மொத்தம் பத்தாயிரம் புள்ளிகள்தான். தன் வீட்டிலேயே பிறந்த அந்தப் பிள்ளையை நம்பி பிலிமை விட மனம் வராத கோடாக், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

அந்த மூன்று வருடங்கள்

2003-ல் கேனான் 300டி, 2004-ல் நிக்கான் டி70. இரண்டும் 60 லட்சம் புள்ளி எடுக்கும் கேமராக்கள். இவை வந்த பிறகுதான் லென்ஸ் மாற்றுகிற டிஜிட்டல் கேமரா சாதாரண போட்டோகிராபர் கடன் வாங்கியாவது தொடக்கூடிய விலைக்கு இறங்கியது. 2006 ஜனவரியில் நிக்கான் தன் பிலிம் கேமராக்களில் பெரும்பாலானவற்றை நிறுத்துவதாக அறிவித்தது. அதே மாதத்தில் கோனிகா மினோல்டா, கேமரா, பிலிம் தொழிலை விட்டே வெளியேறுவதாகச் சொன்னது. நம் ஊர்களில் லேப் போர்டில் பெரிய எழுத்தில் இருந்த பெயர் அது!

எங்கள் பக்கத்து ஸ்டுடியோ அண்ணன் ஒருவர் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்லும்போது, “தொழிலைக் கத்துக்க பதினஞ்சு வருஷம் ஆச்சு. மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல உட்கார வெச்சுட்டாங்க” என்றார். நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை மறைக்கிற டச்சிங் வேலை அவருக்குக் கைவந்த கலை. அதைக் கம்ப்யூட்டரில் எலியைப் பிடித்துக்கொண்டு செய்யப் பழக வேண்டியிருந்தது. சொல்லிக் கொடுத்தவன் அவர் மகன் வயதுப் பையன். அவர் கற்றுக்கொண்டார், பிழைத்தார். டச்சிங் மட்டுமே தெரிந்தவர்கள், லேபில் மருந்து கலந்தவர்கள், ஊர் ஊராக ரோல் வாங்கி பஸ்சில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். யாரும் அவர்களுக்கு வழியனுப்பு விழா நடத்தவில்லை.

வாடிக்கையாளருக்கோ கொண்டாட்டம். எடுத்த உடனே பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம், எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கூடவே ஒரு பேச்சு கிளம்பியது: “பிரிண்ட் எதுக்குங்க? சிடியில போட்டுக் குடுத்துருங்க, போதும்.” பிரிண்டும் போனது, நெகட்டிவும் போனது. இரண்டு நகல் இருந்த இடத்தில் ஒரே ஒரு சிடி. அது பீரோவில், வெயில் படும் ஜன்னலுக்குப் பக்கத்தில். கடையில் எழுதித் தரும் சிடியில் படம் பதிவது ஒரு சாயப் பூச்சில். சூடும் வெளிச்சமும் அதற்கு எதிரி. திண்டுக்கல் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது சிடி நன்றாக இருந்தால்கூட, அதைப் போட்டுப் பார்க்கப் புது லேப்டாப்பில் வாசல் இல்லை.

பாட்டி பெரிசு, பேரன் சிறிசு

இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுவோம். இது என்னையே ஆச்சரியப்படுத்திய கணக்கு.

2005 வாக்கில் வந்த சாதாரண கேமரா போன் எடுக்கும் படத்தில் குறுக்கே 640, நெடுக்கே 480 புள்ளிகள். பெருக்கினால் மூன்று லட்சத்துச் சொச்சம். காகிதத்தில் தெளிவாக அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது லேப் கணக்கு. அப்படியானால் அந்தப் படத்தைத் தெளிவாக அச்சிடக்கூடிய அளவு சுமார் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். ஒரு தீப்பெட்டி!

இப்போது 1985-ல் எடுத்த கல்யாணத்தின் நெகட்டிவை எடுங்கள். அது 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். அதை நல்ல ஸ்கேனரில் அங்குலத்துக்கு 4,000 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் இரண்டு கோடிப் புள்ளிக்கு மேல் வரும். படம் ஆடாமல், சரியாக போகஸ் செய்து எடுத்திருந்தால் 18 அங்குலத்துக்கு 12 அங்குலம் அச்சிட்டுச் சுவரில் மாட்டலாம். அதற்கும் முந்தைய கறுப்பு வெள்ளைக் காலத்தில், அக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராக்களும் ஸ்டுடியோவின் இரட்டை லென்ஸ் கேமராக்களும் ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம் எடுத்தன. அந்த நெகட்டிவ் இதைவிட மூன்றரை மடங்கு பெரியது.

ஆக, பாட்டியின் கல்யாணத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கலாம். பேரனின் முதல் பிறந்தநாளைத் தீப்பெட்டிக்கு மேல் பெரிதாக்க முடியாது. தொழில்நுட்பம் முன்னேறிக்கொண்டே போகிறது, அதனால் படமும் முன்னேறிக்கொண்டே வந்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம். நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது.

பிலிமாக இருந்தால் அழியவே அழியாது என்றும் நினைத்துவிட வேண்டாம். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது. அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. வைத்துக் காப்பாற்ற ஆள் இல்லாவிட்டால் எதுவும் போய்விடும். வீட்டுப் பரணில் ஈரமும் பூஞ்சையும் கரையானும் நெகட்டிவைத் தின்றுகொண்டுதான் இருக்கின்றன. கலர் பிரிண்டுகள் சாயம் வெளுத்துச் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டன. பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான் எல்லாவற்றையும்விடத் திடமாக நிற்கிறது. அதில் உருவமாக இருப்பது சாயம் இல்லை, வெள்ளித் துகள்.

அந்த வெள்ளியே அதற்கு எமனாகவும் ஆனது. பழைய எக்ஸ்ரேவையும், பிலிம் கழுவிய ஹைப்போ தண்ணீரையும் வாங்கி வெள்ளி பிரித்தெடுப்பவர்கள் ஊருக்கு ஊர் வருவார்கள். ஸ்டுடியோவை மூடும்போதும், டிஜிட்டலுக்கு இடம் ஒழிக்கும்போதும் அலமாரி அலமாரியாக இருந்த நெகட்டிவ்களும் அப்படிப் போயிருக்கின்றன. சில இடங்களில் குப்பைக்கு. சில இடங்களில் அடுப்புக்கு.

கடைசிப் படம்

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது ஒரு சாவு வீட்டில்தான் தெரியும்.

நம் பக்கத்தில் ஒருவர் காலமானால், மூன்றாம் நாளைக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு பிரேம் போட்ட பெரிய படம் வேண்டும். முன்பெல்லாம் வீட்டில் இருக்கும் ஏதாவது பழைய பிரிண்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடுவார்கள். பின்னால் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். பக்கத்தில் பென்சிலில் ஒரு எண். ஸ்டுடியோக்காரர் அந்த எண்ணை வைத்துப் பழுப்புக் கவரைத் தேடி, நெகட்டிவை எடுத்து, மறுநாள் பெரிதாக்கித் தருவார். பத்து வருடத்துக்கு முந்தைய படமாக இருந்தாலும் கிடைக்கும். அந்த அலமாரிதான் ஊரின் ஞாபகம். பதிவேடு இல்லாத பதிவாளர் அலுவலகம்!

இப்போது ஸ்டுடியோக்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். “ஆதார் கார்டைக் கொண்டு வந்து நீட்டுறாங்க. இதைப் பெரிசு பண்ணிக் குடுங்கன்னா, எங்கேருந்து பண்றது?” முக்கியமாகப் பெண்களுக்கு இந்தக் கதி. அம்மா வாழ்நாள் முழுக்கச் சமையலறையிலும் பந்தியிலும் நின்றவர். குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் பாதி முகம் தெரியும். அந்த முகத்தைப் பிரித்து, சேலை வரைந்து, பொட்டு வைத்துப் படமாக்கிய ஓவியர்கள் இருந்தார்கள். டிஜிட்டல் வந்த பிறகு கேமரா அம்மாக்களின் கைக்கே வந்தது. நல்ல விஷயம்தான், ஆனால், இப்போது அவர்களே படம் எடுக்கிறார்கள் என்பதால், பிள்ளைகள் இருக்கும் படத்தில் மறுபடியும் அவர்கள் இல்லை. இதைப் படிக்கும் கணவன்மாரும் பிள்ளைகளும் இன்றைக்கே போனை வாங்கி, அம்மாவை நிற்க வைத்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி ஒரு படம் எடுங்கள்.

பழைய ஸ்டுடியோ படங்களின் அருமை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகம் நடத்தும், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழகத்தின் பழைய ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் இருந்த படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டலில் பதிவு செய்திருக்கிறார்கள். ராஜா ராணி படங்களைத் தேடி அவர்கள் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த தாத்தா, பின்னால் நின்ற பாட்டி, வரைந்த திரைக்கு முன்னால் விறைத்து நிற்கும் குழந்தை என்று நம் வீட்டுப் படங்களைத்தான் தேடிப் போனார்கள். எங்கேயோ இருப்பவர்களுக்கு அது ஆவணமாகத் தெரிகிறது. நமக்குப் பரணில் இருக்கும் தொல்லையாகத் தெரிகிறது.

இந்த வாரமே செய்யலாம்

சரி, என்ன செய்வது? பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை.

1. நெகட்டிவைத் தேடுங்கள். ஆல்பத்தின் கடைசி உறையில், லேப் கவரில், பீரோவில் துணிக்கு அடியில் இருக்கும். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். படத்தின் மேல் விரல் படக்கூடாது. தண்ணீர் விட்டுக் கழுவவோ ஈரத்துணியால் துடைக்கவோ வேண்டாம். தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரணிலிருந்து இறக்கி, ஈரம் இல்லாத, சூடு குறைந்த இடத்தில் வையுங்கள்.

2. யாருடைய நெகட்டிவ் என்று தெரியவில்லையா? ஒரு போனில் வெள்ளைத் திரையை வரவழைத்து, அதன் முன்னால் நெகட்டிவைப் பிடியுங்கள். இன்னொரு போனின் செட்டிங்ஸில் நிறங்களைத் தலைகீழாக்கும் வசதியை ஆன் செய்துவிட்டு கேமரா வழியாகப் பாருங்கள். கறுத்த முகம் வெளுத்து, அத்தையோ மாமாவோ திரையில் சிரிப்பார்கள். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு.

3. முக்கியமான நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யக் கொடுங்கள். “பெரிய அளவில் ஸ்கேன் செய்து, பைலாகக் கொடுங்கள்” என்று சொல்லிக் கேளுங்கள். எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் மூலப் பத்திரம்.

4. சிடி, டிவிடி எல்லாவற்றையும் இந்த மாதத்துக்குள் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். வீட்டில் வசதி இல்லாவிட்டால் ஸ்டுடியோவிலோ பிரவுசிங் சென்டரிலோ செய்து தருவார்கள். பழைய போனின் மெமரி கார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. உறவினருக்கு நல்ல படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் முழுதாகப் போகும். குடும்ப குரூப்பில் வந்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எடுத்தவரிடம் இருக்கும் மூலத்தை மறந்துவிடாதீர்கள்.

6. மூன்று நகல் வேண்டும். ஒன்று போனிலோ கம்ப்யூட்டரிலோ, இன்னொன்று ஹார்டு டிஸ்க்கில், மூன்றாவது வேறு வீட்டில் அல்லது இணையத்தில். இணையத்தை மட்டுமே நம்ப வேண்டாம். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளும் வசதி 2021 ஜூன் மாதத்தோடு நின்றது. இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை நீக்கலாம் என்பதும் இப்போது கூகுளின் விதி. வீட்டில் ஒருவர் காலமானால் அவர் போனின் பூட்டு யாருக்குத் தெரியும்? ஆல்பத்துக்குக் கைரேகை கேட்டதில்லை. பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

7. வருடத்துக்கு 36 படம் பிரிண்ட் போடுங்கள். ஒரு ரோல் கணக்கு! ஆயிரம் படத்திலிருந்து 36-ஐப் பொறுக்க உட்கார்ந்தால், அந்த வருடத்தில் எது முக்கியம் என்று குடும்பமே பேச வேண்டி வரும். பின்பக்கம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள்.

8. வீட்டில் எண்பது வயது தாண்டியவர் இருந்தால், மற்ற ஏழையும் தள்ளி வைத்துவிட்டு இதை முதலில் செய்யுங்கள். பழைய ஆல்பத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு முகத்தையும் காட்டி, “இது யாரு அப்பத்தா?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நெகட்டிவ் இருந்தால் படத்தை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பெயர் தெரிந்தவர் போய்விட்டால் பெயரை எங்கே போய்ப் போடுவது?

கடைசியாக ஒன்று. உங்கள் ஊரிலும் ஒரு பழைய ஸ்டுடியோ இருக்கும். இப்போது அங்கே ஜெராக்ஸும் ரீசார்ஜும் நடக்கலாம். மகன் வெளியூரில் வேலையில் இருக்கலாம். பெரியவர் கடையைக் காலி செய்யும் யோசனையில் இருக்கலாம். பின் அறையில் பழுப்புக் கவர்கள் இன்னும் இருக்கின்றனவா என்று அவரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டுப் படத்தைத் திருப்பிப் பார்த்தால் எண் இருக்கும். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எடைக்கு வாங்குகிறவர் வருவதற்கு முன்னால் போங்கள்.